பறவையறிஞர் சாலிம் அலி

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறத்தே, மலைகள் அரண்போற் சூழ்ந்து நிற்க, நடுவே பசும்பட்டு விரித்தாற்போலக் கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. தேனியிலிருந்து புறப்பட்டு, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களின் வழியே செல்வோர், சாலையின் இருமருங்கும் நெல் வயல்களையும் வாழைத் தோட்டங்களையும் திராட்சைப் பந்தல்களையும் தென்னந்தோப்புகளையும் கண்டு களிப்பர். 1895 ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பெற்றது. அதன்பின், மேற்கு நோக்கி ஓடிக் கடலிற் கலந்த நீரின் ஒரு பகுதி, மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி இப்பள்ளத்தாக்கில் பாயலாயிற்று. வயல்கள் விளைந்தன, கண்மாய்கள் நிறைந்தன, நிறைந்த கண்மாய்களை நாடிப் பறவைகளும் வந்தன.

வடகிழக்குப் பருவமழை ஓயும் காலத்தில் கண்மாய்க் கரையில் அமைதியாக நிற்பவர் ஓர் இனிய காட்சியைக் காணக்கூடும். கருநிற அலகின் நுனியில் மஞ்சள் தீட்டினாற்போன்ற புள்ளிமூக்கு வாத்து ஒன்று நீரில் மெல்ல நீந்திச் செல்லும். அதன் பின்னே பஞ்சுப் பொதிகள் போன்ற குஞ்சுகள் வரிசையாகத் தொடரும். நீரிலே மிதக்கும் அக்குஞ்சுகள் நீரிலே பிறந்தவை அல்ல. கரையோரத்துப் புல்லும் கோரையும் அடர்ந்த மறைவிலே, புல்லால் அமைந்த மெத்தை ஒன்றில், தாயின் சிறகின் கீழ் அவை முட்டையிலிருந்து வெளிவந்தன. ஆதலின், நீரை மட்டும் கண்டவன் வாத்தின் வாழ்வில் ஒரு பாதியையே கண்டவனாவான். மறு பாதி கரையில் இருக்கிறது.

உயிர்களை அவை வாழும் நிலத்தோடு சேர்த்து நோக்குவது தமிழர்க்குப் புதிதன்று. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைத் தொகுத்த தொல்காப்பியர், அவற்றுள் புள்ளையும் ஒன்றாக வைத்தார். நிலம் வேறு, பறவை வேறு என்று அவர் பிரிக்கவில்லை. இந்த உண்மையை இக்கால அறிவியலின் துணைகொண்டு ஆராய்ந்து, நாடு முழுவதும் உணரச் செய்த பேரறிஞர் ஒருவர் உளர். அவரே சாலிம் அலி. பறவையைக் காக்க விரும்புவோர் அதன் இருப்பிடத்தைக் காத்தல் வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை நமக்குத் தரும் பாடமாகும்.

இளமை

சாலிம் அலி 1896 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12 ஆம் நாள் பம்பாய் நகரில் பிறந்தார். பிள்ளைகள் பலர் நிறைந்த குடும்பத்தில் அவரே கடைக்குட்டி. ஒரு வயது நிரம்பும் காலத்தில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தாய்மாமனாகிய அமிருத்தீன் தையப்ஜியும் அவர் துணைவியாரும் தம் இல்லத்தில் வைத்து அன்புடன் வளர்த்தனர்.

மாமன் வேட்டையில் விருப்பம் மிக்கவர். அவர் மருமகனுக்குச் சிறு காற்றுத் துப்பாக்கி ஒன்றைப் பரிசாக அளித்தார். சிறுவன் அதைத் தோளில் தாங்கிச் சிட்டுக்குருவிகளைச் சுட்டு வீழ்த்துவதில் பொழுதைப் போக்கினான். பின்னாளில் பறவைகளின் காவலராக உலகம் போற்றிய ஒருவர், இளமையில் பறவைகளைக் கொன்று மகிழ்ந்தவர் என்பது வியப்பாக இருக்கலாம். அவர் இதை ஒருபோதும் மறைத்தாரில்லை.

ஒருநாள் அவன் சுட்டு வீழ்த்திய குருவி ஒன்றின் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று காணப்பட்டது. அத்தகைய குருவியை அவன் முன்னர்க் கண்டதில்லை. அதனை உண்ணலாமா ஆகாதா என்ற ஐயமும் எழுந்தது. மாமனிடம் கேட்டான், அவருக்கும் விடை தெரியவில்லை. தாம் உறுப்பினராக இருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு கடிதத்துடன் சிறுவனை அவர் அனுப்பினார். அது 1908 ஆம் ஆண்டு.

வெள்ளையர் ஒருவரோடு முன்பின் பேசியறியாத சிறுவன் நடுங்கியவாறே கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்பவரின் அறையினுள் நுழைந்தான். அவர் அன்புடன் குருவியை வாங்கிப் பார்த்து, அது மஞ்சட் கழுத்துச் சிட்டு என்று உரைத்தார். அதனோடு அமையாமல், அங்கிருந்த பேழைகளின் இழுப்பறைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து காட்டினார். பாடம் செய்து வைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான பறவைகள் அவற்றுள் வரிசை வரிசையாகக் கிடந்தன. நம் நாட்டில் இத்தனை பறவைகளா என்று சிறுவன் திகைத்தான். அன்று திறந்தது இழுப்பறை மட்டுமன்று. அவன் அறிவுக் கண்ணும் அன்றே திறந்தது.

தொழில் தேடிய நாட்கள்

ஆர்வம் பெருகியதே ஒழியப் படிப்பு எளிதாக அமையவில்லை. தலைவலி அவரை அடிக்கடி வருத்தியது, கணக்கு அச்சுறுத்தியது. கல்லூரிப் படிப்பை முடிக்காமலே அவர் பர்மாவில் தம் குடும்பத்தார் நடத்திய சுரங்கத் தொழிலுக்கும் மரத் தொழிலுக்கும் துணையாகச் சென்றார். அங்கும் அவர் கண்கள் கணக்கேட்டில் நிற்கவில்லை. காட்டுப் பறவைகளையே தொடர்ந்தன. பம்பாய்க்குத் திரும்பி வணிகச் சட்டமும் கணக்கியலும் கற்றார். அதே காலத்தில் புனித சவேரியார் கல்லூரியில் விலங்கியலும் பயின்றார். 1918 ஆம் ஆண்டு தெகமினா என்னும் நங்கையை மணந்தார். கணவரின் பறவைப் பித்தைக் கண்டு சலியாது, காட்டிலும் மேட்டிலும் உடன்நடந்த துணைவி அவர்.

பட்டம் பெறாத காரணத்தால் அரசின் விலங்கியல் துறையில் அவருக்கு இடம் கிட்டவில்லை. 1926 ஆம் ஆண்டு பம்பாய் அருங்காட்சியகத்தில், காண வருவோர்க்கு விளக்கம் கூறும் பணி கிடைத்தது. அவ்வளவில் மனம் நிறைவுறாமல், விடுப்புப் பெற்றுச் செருமனி சென்று, பெர்லின் நகரில் எர்வின் ஸ்டிரெசுமான் என்னும் பறவையியற் பேராசிரியரிடம் பயிற்சி பெற்றார். பறவையைச் சுட்டுப் பெயரிட்டுப் பேழையில் அடுக்குவதோடு அறிவு முடிந்துவிடுவதில்லை, உயிருள்ள பறவை எங்கே வாழ்கிறது, எதை உண்கிறது, எவ்வாறு கூடு கட்டுகிறது என்பதை அறிதலே உண்மைக் கல்வி என்று அவர் அங்கே தெளிந்தார்.

1930 ஆம் ஆண்டு பெருநம்பிக்கையோடு தாயகம் திரும்பியவரை ஒரு பேரிடி வரவேற்றது. பணமுடை காரணமாக அருங்காட்சியகத்தில் அவருடைய பதவி நீக்கப்பட்டுவிட்டது. ஊதியம் இல்லை, வேறு வேலையும் இல்லை. பம்பாய்க்கு எதிர்க்கரையில் உள்ள கிகீம் என்னும் கடற்கரைச் சிற்றூரில், குடும்பத்தார்க்குரிய சிறு வீட்டில் இருவரும் குடியேறினர்.

அங்கே ஒரு மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. வேலையற்றவர் என்று உலகம் இரங்கிய நாட்களில், ஏணியின்மேல் மறைவிடம் ஒன்று அமைத்து அதனுள் மணிக்கணக்காக அமர்ந்து அக்குருவிகளை நோக்கினார் சாலிம் அலி. ஆண் குருவி கூட்டைப் பாதியளவே கட்டி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் மீதியை முடிக்கிறது. முடித்தபின் வேறொரு கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை எதிர்நோக்குகிறது. நம் முன்னோர் கண்ணெதிரே தலைமுறை தலைமுறையாகத் தொங்கிய கூடுகளில் இவ்வளவு செய்தி அடங்கியிருந்தது என்பதை அவர் எழுதிய கட்டுரை உலகுக்கு அறிவித்தது. வறுமையில் வந்த ஓய்வே அவருக்குப் புகழின் முதற்படியாயிற்று.

பெரியாற்று ஏரிக்கரையில்

அக்காலத்தில் இந்தியாவின் பல பகுதிகளில் என்னென்ன பறவைகள் வாழ்கின்றன என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. சாலிம் அலி ஒரு திட்டம் வகுத்தார். பயணச் செலவையும் உணவுச் செலவையும் ஏற்றுக்கொண்டால் போதும். தமக்கு ஊதியம் வேண்டா என்று இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலாகச் சுதேச மன்னர்களுக்குத் தெரிவித்தார். ஐதராபாத்து அரசு முதலில் இசைந்தது. அடுத்து, 1933 ஆம் ஆண்டு சனவரித் திங்களில், திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைக் கணக்கெடுப்பை அவர் தொடங்கினார்.

மறையூரில் தொடங்கிய அப்பயணம் மலைத்தொடரின் உச்சிகளையும் சரிவுகளையும் ஊடுருவிச் சென்றது. கம்பம் பள்ளத்தாக்கின் தலைவாயிலில், கூடலூருக்கு மேலே மலையேறியதும் வருகின்ற குமுளியும், அதற்கப்பால் பரந்து கிடக்கும் பெரியாற்று ஏரிப் பகுதியும் அக்கணக்கெடுப்பில் இடம்பெற்றன. சாலை வசதி குறைந்த காலம் அது. அட்டைகள் நிறைந்த காட்டுப் பாதைகளில் கணவரும் மனைவியும் நடந்தனர்; கிடைத்த இடத்தில் தங்கினர். விடியுமுன் எழுந்து பறவைகளை நோக்குவதும், பகலில் குறிப்பெழுதுவதும், இரவு விளக்கொளியில் பறவைத் தோல்களைப் பதப்படுத்துவதும் அவர்தம் அன்றாடப் பணிகளாக அமைந்தன.

பள்ளத்தாக்கு மக்களுக்குச் சோறளிக்கத் தேக்கப்பட்டது அந்த ஏரி. பறவைகளை எண்ணி எவரும் அதைக் கட்டவில்லை. ஆயினும், நீரில் மூழ்கி இலையுதிர்ந்து நின்ற மரங்களின் கிளைகளில் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் வந்து தங்கின. மனிதர் தம் நலம் கருதிச் செய்த செயல் பறவைக்கும் வீடாயிற்று. ஏரி மண்ணால் தூர்ந்துவிடாமல் நெடுங்காலம் நிலைக்க வேண்டுமாயின், அதைச் சூழ்ந்த காடு நிலைக்க வேண்டும். நீரும் மேட்டுநிலமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் உறவுக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் மேலே அமைந்த அந்த ஏரியைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

நூல்களும் பெருந்துயரும்

1939 ஆம் ஆண்டு, அறுவை மருத்துவம் ஒன்றையடுத்துத் தெகமினா மறைந்தார். அத்துயரத்தால் சாலிம் அலி நிலைகுலைந்தார். உடன்பிறந்த சகோதரி ஒருவரின் இல்லம் அவருக்குப் புகலிடமாயிற்று. துன்பத்தை மறக்க அவர் அறிந்த வழி ஒன்றே. மீண்டும் காட்டுக்குச் சென்றார். இரண்டாம் மணம் செய்துகொள்ளவில்லை.

1941 ஆம் ஆண்டு இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களுடன், எளிய நடையில், பள்ளி மாணவனும் கையில் ஏந்தித் தோட்டத்துப் பறவையை அடையாளம் காணத்தக்க வகையில் அஃது அமைந்திருந்தது. அதுவரை ஒருசிலர்க்கே உரியதாயிருந்த பறவையறிவை அந்நூல் பலர்க்கும் பொதுவாக்கியது. பின்னர் அமெரிக்க அறிஞர் திலன் ரிப்ளியுடன் சேர்ந்து, இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகள் அனைத்தையும் விளக்கும் பெருநூலைப் பத்துத் தொகுதிகளாக இயற்றினார். 1974 ஆம் ஆண்டு அது நிறைவுற்றபோது அவருக்கு வயது எழுபத்தெட்டு.

அவர் வகையினர் பல்லாண்டுகள் திரட்டிய அறிவால், வாத்துகளின் இல்லற வாழ்வும் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. குளிர்காலத்தில் வடநாடுகளிலிருந்து வந்து செல்லும் வாத்துகள் பல. ஆயின் புள்ளிமூக்கு வாத்து, சீழ்க்கைச் சிறகி, குள்ளத் தாரா முதலியவை நம் நாட்டிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை. புள்ளிமூக்கு வாத்து கரையோரப் புல்லின் நடுவே தரையில் கூடு அமைக்கும். சீழ்க்கைச் சிறகி பெரும்பாலும் மரப்பொந்திலோ, காகமும் கொக்கும் விட்டுச் சென்ற பழங்கூட்டிலோ முட்டையிடும். குள்ளத் தாரா நீரருகே நிற்கும் முதுமரத்தின் பொந்தையே நாடும். பொந்திலிருந்து குஞ்சுகள் தாமே கீழே குதித்துத் தாயைத் தொடர்ந்து நீரை அடையும்.

இதனால் விளங்குவது யாது? வாத்துக்கு ஆழ்ந்த நீர் மட்டும் போதாது. இரை தேட ஆழமில்லாத நீர் வேண்டும். ஒளிந்துகொள்ளக் கோரையும் நாணலும் வேண்டும். முட்டையிடப் புல் அடர்ந்த மேடு வேண்டும். பொந்துள்ள பழைய மரமும் வேண்டும். வாத்துகள் ஆண்டில் ஒருமுறை சிறகின் பெரிய இறகுகளையெல்லாம் ஒருசேர உதிர்த்துவிட்டுச் சில வாரங்கள் பறக்க இயலாமல் இருக்கும். அக்காலத்தில் அவற்றுக்குக் காப்பு கரையோரத்துப் புதரே. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், நீர் நிறைந்த ஏரியும் வாத்துக்கு வீடாகாது.

பரத்பூரில் வென்ற போர்

சாலிம் அலியின் தொண்டுகளுள் தலைசிறந்தது இராசபுத்தான நாட்டுப் பரத்பூரில் நிகழ்ந்தது. அங்கே கேவலாதேவ் கானா என்னும் தாழ்ந்த நிலப்பரப்பு உண்டு. அஜான் என்னும் அணையிலிருந்து கால்வாய் வெட்டி, கரைகளும் மதகுகளும் அமைத்து, அதை ஆழமில்லாத பெருஞ்சதுப்பு நிலமாகப் பரத்பூர் மன்னர்கள் ஆக்கினர். ஏறத்தாழ 29 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் நீர் தேங்கும் பகுதி மூன்றில் ஒரு பங்கே. எஞ்சியது புல்வெளியும் முட்புதரும் மரக்காடும் ஆகும். மழைக்காலத்தில் அங்குள்ள மரங்களில் நாரைகளும் கொக்குகளும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். குளிர்காலத்தில் வடநாட்டு வாத்துகள் வந்து நீரை மூடும்.

மன்னர்கள் இவ்விடத்தை உண்டாக்கியது பறவைகளிடம் கொண்ட அருளால் அன்று. வேட்டையில் கொண்ட வேட்கையால். 1938 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள், அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபு விருந்தினராக வந்தபோது, ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அத்தொகையைப் பெருமையாக எண்ணிக் கல்லிலும் பொறித்து வைத்தனர். அந்த நாள் சாலிம் அலியின் நாற்பத்திரண்டாம் பிறந்தநாள் என்பது காலத்தின் விளையாட்டுப் போலும்!

நாடு விடுதலை பெற்றபின் வேறொரு துன்பம் சூழ்ந்தது. மன்னரின் வேட்டைக்காக மட்டும் நீரைத் தேக்கி வைப்பது எதற்கு, சதுப்பை வடித்து உழுநிலமாக்கி எங்களுக்குத் தாருங்கள் என்று சுற்றுப்புற மக்கள் கேட்டனர். உணவுப் பற்றாக்குறை மிக்க காலம் அது. அக்கோரிக்கையில் நியாயம் இல்லை என்று எவரும் எளிதிற் கூறிவிட இயலாது. ஆயினும், நீரை ஒருமுறை வடித்துவிட்டால், பல தலைமுறைகளாகப் பறவைகள் நம்பி வந்த புகலிடம் அழிந்துவிடும் என்பதைச் சாலிம் அலி உணர்ந்தார். அதிகாரிகளிடம் எடுத்துரைத்தார், பிரதமர் நேருவின் கவனத்துக்கும் கொண்டு சென்றார். அவர் முயற்சி வீண்போகவில்லை. சதுப்பு நிலம் தப்பியது. 1956 ஆம் ஆண்டு அது பறவைகளின் சரணாலயமாயிற்று. எனினும் மன்னர் குடும்பத்தின் வேட்டை உரிமை 1972 ஆம் ஆண்டுதான் முற்றும் நீங்கியது. 1981 ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாகவும், 1985 ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியக் களமாகவும் அவ்விடம் ஏற்பு பெற்றது.

கொல்வதற்காகப் பறவைகளைக் கூட்டிய இடத்திலேயே, அவற்றை அறிவதற்காகப் பிடித்து விடுவிக்கும் பணியைச் சாலிம் அலி நடத்தினார். வலையிற் சிக்கிய வாத்தின் காலில் எண் பொறித்த வளையத்தை இட்டு, அதை மீண்டும் பறக்க விடுவர். பரத்பூரில் வளையம் இட்ட வாத்துகள் பனிமலைகளைக் கடந்து நெடுந்தொலைவிலுள்ள உருசிய நாட்டில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. ஒரு நாட்டின் சதுப்பு நிலம் அழியின், மற்றொரு நாட்டின் பறவையும் அழியும் என்பது இதனால் உறுதியாயிற்று.

எருமைகள் கற்பித்த பாடம்

பெரியோர் வரலாற்றில் வெற்றிகளை மட்டும் கூறிப் பிழைகளை மறைத்தல் முறையன்று. 1982 ஆம் ஆண்டு, தேசியப் பூங்காவாகிய கேவலாதேவில் ஆடுமாடுகளும் எருமைகளும் மேய்தல் தடுக்கப்பட்டது. மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு விளைக்கும் என்பது இயற்கைப் பாதுகாவலர் பலருடைய எண்ணம். சாலிம் அலியும் அவ்வெண்ணம் உடையவரே. தலைமுறை தலைமுறையாக அங்கே கால்நடை மேய்த்த சிற்றூர் மக்கள் தடையை எதிர்த்தனர். கலகம் மூண்டது, காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்ச்சேதமும் நேர்ந்தது.

இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் அப்பூங்காவில் 1980 முதல் 1990 வரை தொடர்ந்து ஆய்வு நடத்தினர். அதன் முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. எருமைகள் நீங்கியபின், அவை மேய்ந்து கட்டுக்குள் வைத்திருந்த நீர்ப்புல் தடையின்றிப் பரவித் திறந்த நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது. நீந்தவும் இரை தேடவும் இடமின்றி வாத்துகள் குறையத் தொடங்கின. எருமையும் அச்சதுப்பு நிலத்தின் ஓர் உறுப்பாகவே ஆகியிருந்தது என்பது பிறகே புலனாயிற்று. பின்னர்ச் சுற்றுப்புற மக்கள் உள்ளே சென்று புல்லறுத்து எடுத்துக்கொள்ள இசைவு அளிக்கப்பட்டது.

தாம் வாழ்நாள் முழுதும் வளர்த்த கழகமே தம் கருத்துக்கு மாறான உண்மையைக் கண்டு துணிந்து வெளியிடுமாறு அதனை உருவாக்கியிருந்தார் சாலிம் அலி. ஆராய்ந்து பார்த்தே முடிவு செய்தல் வேண்டும் என்று அவர் ஊட்டிய பயிற்சி, அவருடைய எண்ணத்தையும் திருத்தும் வலிமை பெற்றிருந்தது. மேலும், ஓர் இடத்தைக் காப்பது என்றால் அதற்கு வேலியிட்டு மக்களை விலக்குவதுதான் என்று கருதுதல் தவறாகும் என்பதும் விளங்கிற்று. நம் தமிழ்நாட்டு வேடந்தாங்கலில், பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்த ஊர்மக்கள், அரசு முன்வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே பறவைகளைத் தாமே காத்து வந்தனர் அன்றோ?

முதுமையும் புகழும்

சாலிம் அலியின் தொண்டு பரத்பூரோடு நின்றுவிடவில்லை. நாகை மாவட்டத்துக் கோடிக்கரையின் உப்பங்கழிகளும் பசுமைக்காடும் பறவைகளுக்கு எத்துணை இன்றியமையாதவை என்பதை அவர் எடுத்துக்காட்டினார்; 1967 ஆம் ஆண்டு அங்கே சரணாலயம் அமைந்தது. பெரியாற்றின் கரையில், 1933 ஆம் ஆண்டுப் பயணத்தில் அவர் உள்ளத்தைக் கவர்ந்த தட்டேக்காடு, அவர் பரிந்துரையால் 1983 ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாயிற்று. அமைதிப் பள்ளத்தாக்கின் காடு நீர்மின் திட்டத்தால் அழியாமல் காத்தவர்களுள்ளும் அவர் ஒருவர்.

அரசு அவருக்கு 1958 ஆம் ஆண்டு பத்மபூசண் விருதும், 1976 ஆம் ஆண்டு பத்மவிபூசண் விருதும் வழங்கியது. உலக அளவில் பெற்ற பெரும் பரிசுத் தொகையை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்புக்கு ஒரு நிதியாக்கினார். தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, அதன் பெயரில் வீழ்ந்த குருவியை நினைவுகூர்ந்தார். 1985 ஆம் ஆண்டு நாடாளுமன்ற மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். 1987 ஆம் ஆண்டு, தம் தொண்ணூறாம் வயதில் உலக வாழ்வை நீத்தார். அவர் பெயர் தாங்கிய பறவையியல், இயற்கை வரலாற்று நடுவம் 1990 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் நிறுவப்பட்டது.

பள்ளத்தாக்கில் வாழும் பெயர்

கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்கே முகில் தவழ நிற்பது மேகமலை. 1948 ஆம் ஆண்டு அம்மலையில் ஆங்கசு அட்டன் என்பவர் வௌவால் ஒன்றைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். எங்கும் காணப்படும் பழந்தின்னி வௌவால் என்று அதற்குப் பெயரெழுதி இழுப்பறையில் வைத்துவிட்டனர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அஃது அங்கேயே கிடந்தது. பின்னர்த் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்து ஆராய்ந்து, அஃது உலகம் அறியாத புதிய வகை என்று கண்டார். 1972 ஆம் ஆண்டு அதற்குச் சாலிம் அலியின் பெயரையே சூட்டினார். சிறுவன் ஒருவன் திகைத்து நின்ற அதே கழகத்தின் இழுப்பறையிலிருந்து, நம் மேகமலையின் உயிரொன்று அவர் பெயரோடு வெளிவந்தது. அவ்வௌவால் வாழும் மலைக்காடு 2021 ஆம் ஆண்டு முதல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாக விளங்குகிறது.

மலையுச்சியில் காடு காக்கப்படுகிறது. மலையடியில் கண்மாய்களின் நிலை என்ன? பல கண்மாய்கள் மண்மேடிட்டும், ஆகாயத்தாமரை படர்ந்தும், கரைகள் சுருங்கியும் நலிவுற்றதைத் தமிழகம் எங்கும் காண்கிறோம். 2017 ஆம் ஆண்டு தமிழக அரசு பழைய குடிமராமத்து முறைக்குப் புத்துயிர் அளித்து நீர்நிலைகளைச் சீர்செய்யத் தொடங்கியது. கண்மாயைத் தூர் வாருதல் உழவர்க்கு நன்மை தருவதே. ஆயின், தூர் வாரும்போது கரையைச் செங்குத்தாக வெட்டி, கோரையையும் புல்லையும் வேரோடு களைந்து, பழைய மரங்களையும் வீழ்த்திவிட்டால், நீர் பெருகும், வாத்து குறையும். ஒரு பக்கமேனும் சரிவான கரையும், நாணல் அடர்ந்த மூலையும், நடுவே மரம் நிற்கும் சிறு திட்டும் விட்டுவைத்தால், உழவன் வயலும் விளையும். தாரா வாத்தின் குஞ்சும் வளரும். முட்டையிடும் காலத்தில் கரைப்புல்லுக்குத் தீ வைக்காமலும் கூட்டைக் கலைக்காமலும் இருத்தல் சிறுவர்களும் செய்யக்கூடிய தொண்டாகும்.

மாணவர்களே! சாலிம் அலி செல்வத்தாலோ பட்டத்தாலோ பெரியவரானவர் அல்லர். ஒரு குருவியின் கழுத்திலே மஞ்சள் நிறம் ஏன் என்று கேட்டார். விடை காணும்வரை ஓயவில்லை. விடை கண்டபின் அதனைக் காக்கவும் துணிந்தார். உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையிலும் அத்தகைய வினாக்கள் நூறு காத்திருக்கின்றன. கூர்ந்து நோக்குங்கள், நோக்கியதை எழுதி வையுங்கள், நீரையும் கரையையும் ஒருசேரக் காத்திடுங்கள். ஆண்டுதோறும் மழை ஓய்ந்தபின், தாய் வாத்தின் பின்னே குஞ்சுகள் வரிசையாக நீந்தும் காட்சி நம் கண்மாய்களில் நிலைத்திருக்குமாயின், அதுவே அப்பேரறிஞருக்கு நாம் எழுப்பும் நினைவுச் சின்னமாகும்.